பத்துக்கு ஏழு

எனக்குப் போனில் பேசும் குரல் நன்றாக இருக்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதனால்தான் அந்த ஆய்வுக்கு என்னைப் போட்டார்கள். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, மனநிலை எப்படி என்று பதினொரு கேள்வி கேட்க வேண்டும். பத்துக்கு எத்தனை என்று அவர்கள் சொல்வதைத் தாளில் நிரப்ப வேண்டும். ஐந்து வருட வேலை.

பெரும்பாலானவர்கள், "நல்லா இருக்கேன் சார், அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம் கேளுங்க" என்பார்கள். ஏழு, எட்டு என்று போட்டுக்கொள்வேன். மூன்றாம் வருடம் கால்வாசிப் பேர் போனை எடுக்கவில்லை. எடுக்காதவர்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். மேலாளரிடம் சொன்னேன்.

"வீடு மாறியிருப்பாங்க தம்பி. இல்ல, உங்க தொல்லை தாங்காம கட் பண்ணியிருப்பாங்க" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

அந்த வருடம்தான் என் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. அவள் முன்பே மனச்சோர்வு வந்து, ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டுத் தேறியவள். "இப்ப வேணாம். தலைக்குள்ள பழையபடி ஆரம்பிச்சிடுச்சு. இதைச் சுமந்தா நான் பொழைக்க மாட்டேன்" என்றாள். சரி என்றேன். மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். எங்களிடம் பன்னிரண்டு வாரம் வரைதான் செய்வோம், முந்தின நாள் கூப்பிட்டு உறுதி செய்துகொள்வோம் என்றார்கள். அவள் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் இருந்தாள். உள்ளே போகும்போது போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். அதனால் படிவத்தில் என் எண்ணைக் கொடுத்தாள்.

நர்ஸ் கூப்பிட்டார். "மனசு மாறிட்டாங்க சிஸ்டர்" என்றேன். மனைவியிடம், டாக்டர் விடுப்பு, அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுப்பவர் வரவில்லை என்றேன். அதற்குள் பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது.

"வேற எங்கயாவது கேட்டுப் பாரேன்."

"கேட்டுட்டேன். எல்லா இடத்துலயும் இதே கதைதான்."

நம்பினாள். நான் அந்தத் துறையில் இருப்பவன் அல்லவா.

பிறகு ஞாயிறுதோறும் அவளிடமும் அந்தப் பதினொரு கேள்விகளைக் கேட்டேன். முதல் வாரம் "ரெண்டு" என்றாள். ஏழு என்று எழுதினேன். அன்று களைப்பாக இருந்தாள். களைப்பில் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆறாம் மாதம், "வீட்லயாவது உன் ஆபீஸ மூடேன்" என்றாள். அதற்குப் பிறகு பதிலே சொல்லவில்லை. ஏழே தொடர்ந்தது.

அவள் அக்கா போன் செய்தார். "தம்பி, அவ குரலே சரியில்லையே?"

"நல்லாத்தான் இருக்காக்கா. பத்துக்கு ஏழு."

மாதப் பரிசோதனைக்கு வேறு டாக்டரிடம் போனோம். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழைய மாத்திரையை எழுதப் பேனாவை எடுத்தார். என் தாள்களைக் காட்டினேன். பேனாவை மூடினார்.

ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் வேலைக்குப் போகவில்லை. கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். அலுவலகத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கலைத்துக்கொண்டவள் இல்லையே, பயப்பட ஒன்றுமில்லை என்று பட்டியலில் அடுத்த எண்ணுக்குப் போனேன். மாலையில் பூட்டுக்காரரைக் கூட்டி வந்துதான் கதவைத் திறந்தோம். மூச்சு நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

நர்ஸிடம் பேசியது யார் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நான்தான். தாள்களில் இருப்பதும் என் கையெழுத்துதான். நீங்கள் எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கலைத்துவிட்டோமே என்று அவள் ஒரு நாள்கூட வருந்தியதில்லை. அந்த வேதனை அவளுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.