பேர் சொல்லாத மணி

நான் பேச எழுந்ததுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்ட பொறுமைக் கடலாம் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்து அறிவால் நிமிர்ந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளைகளின் பெருமையைப் பார்க்கப் பேராவலோடு வந்திருக்கும் தாய்மார்களே, கணினிக்கு முன்னால் கண் சிவக்க உழைத்த கண்மணிகளே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்கும் செல்லங்களே, உங்கள் அனைவருக்கும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்ட இந்தக் கிழவியின் அன்பு வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள் தம்பி. படிப்பில் மட்டும் அல்ல, உயரத்திலும் நான் ஐந்தாம் வகுப்புதான்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஒரு செயலியை இந்த மேடையில் இன்று வெளியிடுகிறார்கள். அதை வடிவமைத்த குழுவின் தலைவி என் மூத்த மகனின் மகள். வீட்டில் அவளை வாலு என்போம். அந்த வாலு வளர்ந்து, இன்று இந்த மேடையில் எனக்கே நாற்காலி போடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பீர்கள். என் குஞ்சு பொன்தான். ஆனால் உரசிப் பார்த்த பிறகே சொல்கிறேன். உரசிய கல்லே நான்தான். ஆறு மாதமாக அந்தச் செயலியைத் தட்டித் தட்டிச் சோதித்த முதல் ஆள் இந்தக் கிழவி.

நான் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? போன் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்று அழுத்துகிறவள். பச்சையாய்ப் பெரிதாய் இருந்தால் அழுத்தத்தானே தோன்றும்? ஒருமுறை டார்ச் விளக்குக்காக ஒரு ஆப் போட்டேன். அது என் போனில் உள்ள நம்பரை எல்லாம் கேட்டது. கொடுத்துவிட்டேன். வாலு பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன் பாட்டி, வெளிச்சம் போடுற லைட்டுக்கு உங்க சம்பந்தி நம்பர் எதுக்கு?”

“ஒருவேளை அவங்க வீட்லயும் கரண்டு இல்லையோ என்னமோடி.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்த வாயோடு இதையும் கேளுங்கள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் என்மேல் உள்ள ஆசையில் அவள் என்ன செய்தாள்? செயலியையே பேச வைத்தாள். எந்த மாத்திரை, எதற்கு மாத்திரை என்று தன் குரலிலேயே பதிந்து வைத்தாள். நேரம் வந்தால் என் பேத்தியே கூப்பிடுவதுபோல் இருக்கும். அன்பு அதில் எவ்வளவு இருந்தது. அந்த அன்பே ஒருநாள் அம்பாய்ப் பாய்ந்தது.

என் இளைய மகனின் மனைவி, வாலுவுக்குச் சித்தி, எங்களோடுதான் இருக்கிறாள். அவளும் தினம் ஒரு மாத்திரை போடுகிறாள். எதற்கு என்று வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சோதனைச் செயலி என் போனில் மட்டுமே இருந்ததால், அவள் மாத்திரையையும் அதிலேயே பதிந்தோம். அது கூப்பிட்டதும் நான் அவளுக்குப் போன் போட்டு நினைவூட்டுவேன்.

என்ன மாத்திரை என்கிறீர்களா? அங்கே மூன்றாம் வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, இந்த மேடைக்கு வரும் முன் அவளிடம் அனுமதி கேட்டேன். அவள் சொன்னாள்: “நான்னு சொல்லிக்கோங்க அத்தே. நடந்ததையும் சொல்லுங்க. எதுக்குன்னு மட்டும் வேணாம்.” அவள் திறந்த கதவு அவ்வளவுதான். அதற்கு மேல் எட்டிப் பார்க்க எனக்கே உரிமை இல்லை, உங்களுக்கு எங்கே?

அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். பெற்றவர்கள் வேலைக்குப் போக, பதினான்கு பிள்ளைகளை மடியிலும் தோளிலும் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள். ஒருநாள் அவள் போன் கண்ணாடி உடைந்து பழுது பார்க்கும் கடைக்குப் போயிருந்தது. “அவசரத்துக்கு இருக்கட்டும், என் போனைக் கொண்டு போ” என்று எடுத்துக் கொடுத்தவள் நான்தான். மாலை நான்கு மணி. பிள்ளைகளை அழைத்துப் போக அம்மாக்கள் வாசலில் நிற்கிறார்கள். பை ஆணியில் தொங்குகிறது. பைக்குள் இருந்து என் பேத்தியின் குரல், கணீரென்று: “சித்தி, மாத்திரை போடுங்க. இது இன்னதுக்கு. மறக்காம தண்ணி நிறைய குடிங்க.”

‘இன்னதுக்கு’ என்று நான் சொல்லும் இடத்தில் அது முழுப் பெயரையும் சொன்னது.

வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள். ஒரு தாய் அவள் தோளில் இருந்த குழந்தையைக் கொஞ்சம் வேகமாக வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாள் பதினான்கில் இரண்டு பிள்ளைகள் வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் போனை மேசையில் வைத்தாள். வாலு விவரம் தெரியாமல், “என்ன சித்தி, சோர்வா இருக்கீங்க?” என்றாள். இவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது ஒரே வரி.

“உன் குரல்லயே சொல்லிச்சுடி.”

... கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நன்றி தம்பி. எங்கே விட்டேன்? ஆம். அதன் பிறகு அவள் செயலியைத் தொடவில்லை. காகிதத்தில் குறித்து மடித்து வைத்தாள். பிள்ளைகள் நடுவே காகிதத்தைப் பார்க்க நேரம் ஏது? அந்த வாரத்திலேயே இரண்டு நாள் மாத்திரை தவறியது. நினைவூட்டினால் மானம் போகிறது, நினைவூட்டாவிட்டால் உடம்பு போகிறது. இரண்டில் எதை விடுவாள் ஒரு பெண்? ஏன் விட வேண்டும்?

வெளியீட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வாலு என்னையும் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். சக்கரம் வைத்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு, மேலாளரிடம் வாசலில் நடந்ததை மட்டும் சொல்லி, தேதியைத் தள்ளச் சொன்னாள். அந்த மேலாளர் இதோ மேடையில்தான் இருக்கிறார். நெளியாதீர்கள் தம்பி, நல்லதும் சொல்வேன்.

“சின்ன விஷயம்மா. பேச வேணாம்னா செட்டிங்ஸ்ல போய் நிறுத்திக்கட்டுமே.”

“அவங்க செட்டிங்ஸ் தேடுறதுக்குள்ள வாசலுக்கே தெரிஞ்சிடுச்சு சார். நம்ம தப்பு எங்க இருக்கு தெரியுமா? ஒரு போன்னா ஒரு ஆள்னு நினைச்சுட்டோம். உங்க அம்மா போன் யார் கையில இருக்கும்?”

“அப்பா எடுப்பாரு. தங்கச்சி பசங்க கேம் விளையாடுவாங்க. பக்கத்து வீட்டு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, “சரி, பேச்சை எடுத்துடுங்க. மாத்திரைப் பட்டியல் மட்டும் நம்ம ஆபீஸுக்கு வரட்டும். பின்னாடி எதுக்காவது உதவும்” என்றார்.

அப்போது என் பேத்தி சொன்னாள்: “எங்க பாட்டி முப்பது வருஷம் சலவைக்கடை வெச்சிருந்தாங்க சார். சட்டைப் பையில சீட்டு கிடைச்சா கவர்ல போட்டு அந்தச் சட்டையிலயே ஊக்கு குத்தி அனுப்புவாங்க. பின்னாடி உதவும்னு ஒண்ணைக்கூட எடுத்து வெச்சதில்ல.”

அவள் இதையெல்லாம் கவனித்து வைத்திருந்தாள் என்றே எனக்கு அன்றுதான் தெரியும்.

மேலாளர் நாள்காட்டியைப் பக்கத்தில் இழுத்தார். “எத்தனை நாள் வேணும்?”

“நாள் தெரியாது சார். எங்க சித்தி சரின்னு சொன்னா முடிஞ்சுது.”

“உங்க சித்தி நம்ம ஆபீஸ்ல என்ன பதவி?”

நான் குறுக்கே புகுந்தேன். “இன்னைக்கு அவளுக்கு மேல இங்க பதவி இல்ல தம்பி.”

சிரித்துவிட்டார். தேதியையும் தள்ளிவைத்தார். அந்த நல்ல மனதுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

வீடு கட்டி முடித்து, விருந்தும் வைத்து, களவும் போன பிறகா கதவுக்கு ஆசாரியைத் தேடுவது? அஸ்திவாரம் போடும்போதே நிலை எங்கே, தாழ்ப்பாள் எங்கே என்று குறிக்க வேண்டாமா? அதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒரே போனில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பூட்டு. மாத்திரையின் பெயர் போனை விட்டு எங்கும் போகாது. குரல் வேண்டுமென்று நாம் கேட்டால்தான் குரல் வரும், இல்லாவிட்டால் ஒரே ஒரு மெல்லிய மணி. அப்புறம், தாய்மார்களே, ‘வேண்டாம்’ என்கிற பட்டன் இப்போது ‘சரி’ பட்டனின் அளவே இருக்கிறது. நிறமும் ஒன்றே. என் வாழ்நாளில் என்னிடம் ‘வேண்டாமா?’ என்று இவ்வளவு மரியாதையாகக் கேட்டது அந்தப் போன் ஒன்றுதான்.

முடித்ததும் வாலு அதைச் சித்தியின் போனிலேயே போட்டு அவள் முன்னால் வைத்தாள். “நீங்க பாருங்க சித்தி. பிடிக்கலன்னா திரும்பச் செய்யுறேன். எத்தனை தடவைன்னாலும்.”

சித்தி உடனே எடுக்கவில்லை. “இது வாயத் திறக்காதுல்ல?”

“நீங்க சொல்லாம திறக்காது.”

“பாட்டி மாதிரி இல்லன்னு சொல்லு” என்றாள். அந்தக் கேலியைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கேலி திரும்பிவிட்டால் மனிதர் திரும்பிவிட்டார் என்று பொருள்.

மறுநாள் அதே நான்கு மணி, அதே வாசல், அதே அம்மாக்கள். மணி ஒலித்தது. அன்று குழந்தையை வேகமாக வாங்கிக்கொண்ட அதே தாய் தன் பையைத் துழாவி, “என் போனா, உங்க போனா?” என்று கேட்டாளாம். “யாருதோ” என்று சொல்லிவிட்டு என் மருமகள் உள்ளே போய் மாத்திரையைப் போட்டு வந்தாள். வராத இரண்டு பிள்ளைகளில் ஒன்று இப்போது வருகிறது. இன்னொன்று வரவில்லை. அதை மறைத்து இந்த மேடையை நான் இனிப்பாக்க மாட்டேன். சொல்லிவிட்ட ஒன்றைத் திரும்ப வாங்க எந்தச் செயலியாலும் ஆகாது. அதனால்தான் கண்மணிகளே, கட்டும்போதே காவல் வையுங்கள்.

பேர் சொல்லும் பிள்ளை வேண்டும் என்று எல்லோரும் ஏங்குவார்கள். என் பேத்தி பேர் சொல்லாத ஒரு மணியைச் செய்து எங்கள் பேரைக் காப்பாற்றினாள்.

கடைசியாக ஒன்று. நடுவில் நான் தண்ணீர் குடித்தேனே, நினைவிருக்கிறதா? பாவம், கிழவிக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தீர்கள். அப்போது என் கைப்பைக்குள் மணி மெல்ல அதிர்ந்தது. கைக்குட்டையில் இருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஐந்நூறு பேர் பார்க்க, இத்தனை விளக்கு வெளிச்சத்தில், மைக்குக்கு முன்னால் நின்று. யாருக்காவது தெரிந்ததா?

எதற்கு மாத்திரை என்று மூன்றாம் வரிசை ஐயா மறுபடியும் வாயெடுக்கிறார். கேளுங்கள் ஐயா, கோபமில்லை. ஆனால் ‘வேண்டாம்’ பட்டனை அழுத்த இப்போது எனக்கும் தெரியும்.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. நாற்காலி போட்ட பேத்திக்கு என் முத்தம். பேச அனுமதி தந்த மருமகளுக்கு என் வணக்கம். தலைவர் அவர்களே, கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம்.