மச்சினன் ஏறினால் நேராகப் போகும் வண்டி

ஆயில் சீல் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பழைய போர்வையை விரித்து, என் பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இரண்டையும் கழற்றினேன். கசிவைத் தடுக்கும் சீல் வளையங்களை மாற்றி, எண்ணெயை அளந்து ஊற்றி, திரும்ப மாட்டினேன். ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது.

டயரில் காற்று சரியாக இருந்தது. பிரேக் உரசவில்லை. ஹேண்டில் பேரிங்கை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன். இழுவை போகவில்லை.

"மெக்கானிக்கிட்ட குடுத்துத் தொலைங்களேன். சிரிப்பான்னு பயமா?" என்றாள் மனைவி.

அதேதான் பயம்.

பத்தாம் நாள் அவளுடைய தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வண்டி கோடு கிழித்தாற்போல நேராகப் போனது. காரணம் எளிது. நான் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்து, மச்சினன் என் வலது தோளுக்கு மேலாகச் சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். அறுபத்திரண்டு கிலோ வலப்பக்கம் சாய்ந்ததில் இடப்பக்க இழுவை அடிபட்டுப் போனது.

அன்றிலிருந்து அவனை அவன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு நானே கொண்டுபோய் விட்டேன். இரண்டு வாரத்தில் பயம் தெளிந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். இழுவை திரும்பி வந்தது. ஆகவே லாரிகளைக் கொஞ்சம் நெருங்கி ஓட்ட வேண்டியிருந்தது.

"அத்தான், எம்மேல ஏதாவது கோவமா?"

"உம்மேல எனக்கென்னடா கோவம்? நல்லா எட்டிப் பாரு."

பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. நான்கு வருடமாக அவன் ஏங்கிய வேலை. கடிதம் என் கையில் கிடைத்தது. விருப்பமில்லை என்று அவன் பெயரில் பதில் எழுதினேன். கையெழுத்து நன்றாகவே வந்தது. தன்னை எடுக்கவில்லை என்று நினைத்து இரண்டு நாள் பட்டினி கிடந்தான். எடை குறைந்தால் எல்லாம் கெட்டுவிடுமே என்று நானே ஊட்டிவிட்டேன்.

அந்த அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்ததில் விஷயம் வெளியே வந்தது. அக்காவிடம் எதுவும் சொல்லாமல், நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று பெட்டியுடன் கிளம்பினான்.

"ஒரு வண்டிக்காகவா அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

பேருந்து நிலையத்தில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். பாதி வழியில் நிறுத்தி, சாமான் கட்டும் பெல்ட் இரண்டால் அவனை வலப்பக்கம் சாய்த்து, வண்டியோடு இறுக்கிக் கட்டினேன். கத்தியதால் வாயில் துணி. பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது ஹேண்டிலை விட்டே ஓட்டலாம் போலிருந்தது.

மூன்று நாள் அவனை இறக்கவில்லை. வேளாவேளைக்கு அவனுக்குச் சாப்பாடு கொடுத்தேன், டயருக்குக் காற்று அடித்தேன். நான்காம் நாள் உங்கள் காவலர் ஹெல்மெட் எங்கே என்று கேட்டு நிறுத்தினார். அவனுக்கு இல்லாதது என் தவறுதான்.

உங்கள் ஸ்டேஷன் மெக்கானிக் ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்திவிட்டு, மறுபடி இறுக்கினார். பத்தே நிமிடம். இப்போது தனியாக ஓட்டினாலும் நேராகப் போகிறதாம். சிரிக்கவும் இல்லை, நல்ல மனிதர்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் யோசிக்கவில்லை. இனி மச்சினன் ஏறினால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். அதற்கும் வழி இருக்கிறது, ஐயா: அவனை நடுவில் நிமிர்த்தி வைத்துக் கட்ட வேண்டும்.