ஊசிக்கு ஒளிந்த பிள்ளைகள்

"ஏட்டி எஸ்தரு, ஊசிக்காரங்க வாராங்க! தம்பியத் தூக்கிட்டு ஓடு!"

அம்மாவின் குரல். ஓடுகிறேன். இடுப்பில் தம்பி சாமுவேல். ஐந்து வயது. கனக்கிறான். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. காலடியில் சேறு சளக் சளக்கென்கிறது. பின்னால் விசில். லைன் வீடுகளின் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொள்கின்றன. மில் சங்கு ஊதுகிறது. ஷிப்டு மாறுகிற நேரம். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, மில்லுக்குப் பின்னால் இருந்த பஞ்சுக் கிட்டங்கிக்குள் நுழைந்துவிட்டேன்.

எனக்கு முன்பே அங்கே பிள்ளைகள். பொதிகளின் இடுக்கில் குந்தியிருந்தார்கள். எனக்கு எதிரே ராக்கும் பேச்சியும். அக்காள் தங்கை. யாரும் மூச்சு விடவில்லை. சாமு மட்டும் சிரித்தான். அவனுக்கு இது கண்ணாமூச்சி. பஞ்சுத் தூசி ஏறித் தும்மினான். வாயைப் பொத்தினேன். விசில் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

அது ராஜபாளையம். யுத்தத்தின் நாலாவது வருஷம். ஐப்பசி மாதம். எனக்குப் பதினொரு வயது. யுத்தத்தைப் பற்றிக் குண்டு விழுந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனாலும் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பட்டாளத்துக்குத் துணி வேண்டும். மில் இரவும் பகலும் ஓடியது. வன்னியம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. தளவாய்புரத்திலிருந்து வந்தது. நாங்கள் கான்சாபுரத்திலிருந்து வந்தோம். நாலு குடும்பம் இருந்த லைனில் பத்துக் குடும்பம். கிணறு மட்டும் அதே ஒன்று. அதற்குச் சுவர் கிடையாது. ஒட்டினாற்போல் சாக்கடை. பெருமழை பெய்தால் கிணறும் சாக்கடையும் ஒன்று. குடத்து வாயில் துணி கட்டி வடித்துக் குடித்தோம். தெளிந்திருந்தால் நல்ல தண்ணீர் என்று நம்பினோம். விறகு விற்ற விலைக்குத் தண்ணீரையா காய்ச்சுவார்கள்? புழுத்த ரேஷன் அரிசியைப் பொங்கவே சுள்ளி காணவில்லை. பிள்ளைகள் எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தோம்.

அந்த மழையில் காலரா வந்தது. ஊசி போட வந்தார்கள். ஓடினோம்.

ஏன் ஓடினீர்கள் என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். மூடநம்பிக்கை என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஊசி போட்டால் கை வீங்கும். காய்ச்சல் அடிக்கும். அவர்கள் முதல் தடவை வந்தபோது அப்பா ஓடவில்லை. கையை நீட்டினார். காய்ச்சலில் விழுந்தார். எழுந்து போனபோது அவருடைய மெஷினில் வேறொருவன் நின்றான். அதன் பிறகு அப்பா தினமும் மில் வாசலில் நின்றார். வராதவனுக்குப் பதில் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் பட்டினி. அம்மா ஜின்னிங் பாக்டரியில் பருத்தியில் தூசு பொறுக்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உட்கார்ந்தால் அவள் வேலையும் போகும். ஊசி என்ன செய்யும், எறும்புக் கடி. காய்ச்சலில் படுக்கத்தான் எங்களுக்கு வசதி இல்லை.

அதே ஊசியைப் பெரிய தெருவிலும் போட்டார்கள். அங்கே ஒரு தெலுங்குக்காரர் வீட்டுக்கு மோர் வாங்கப் போவேன். அந்த அம்மா என்னைத் தள்ளி நில்லு அம்மாயி என்பார். அவர்கள் பாஷையில் சின்னப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நிறைய ஊற்றுவார். அவர்களுக்கும் சாமு வயதில் ஒரு பையன். கை வீங்கிக் கட்டிலில் கிடந்தான். ஒருத்தி விசிறினாள். ஒருத்தி கஞ்சி ஆற்றினாள். அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கு என் நெஞ்சு உயரம் சுவர். பார்த்துக்கொண்டே நின்றேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒளிந்து ஒரு வாரம் ஆகவில்லை. சாமுவுக்குக் கண்டுவிட்டது.

விடிகாலை. முதலில் வயிறு போனது. பிறகு வாந்தி. அரிசி களைந்த தண்ணீராகப் போகிறது. கண் உள்ளே இறங்கிவிட்டது. அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்து வேலை கிடைத்தது. உள்ளே போய்விட்டார். மில் வாசலில் சொல்லிவிட்டோம். சங்கு ஊதின பிறகுதான் அவர் காதுக்குப் போனதாம். அம்மாவும் நானும் மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

சக்கரம் கிறீச்சிடுகிறது. வண்டி குலுங்குகிறது. சாமு என்னைப் பார்க்கிறான்.

"அக்கா, தண்ணி."

பேதிக்குத் தண்ணீர் ஆகாது. லைனில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. உள்ளே போவதுதானே வெளியே வருகிறது. அதனால் சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. நாக்கில் ஈரத்துணி வைக்கலாம். அம்மா முந்தானையை நனைத்து வைத்தாள். அவன் அதைப் பல்லால் கவ்விக்கொண்டான். சப்பினான். இழுத்தாலும் விடவில்லை. வழி நெடுகத் தண்ணீர். கண்மாய் பெருகி மறுகால் பாய்கிற இரைச்சல். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அம்மா அழவில்லை. கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டே வந்தாள். கோபுரம் தெரிந்தபோது அவன் தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தான். தூங்குகிறான் என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காலராக்காரர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு கம்பவுண்டர் ஓடி வந்தார். சாமுவின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் அப்படியே நின்றது.

"தண்ணி குடுத்தியளா?"

"ஒரு சொட்டுக்கூடக் குடுக்கலய்யா," என்றாள் அம்மா. பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி நிமிர்ந்துதான் சொன்னாள்.

அவர் அம்மாவைத் திட்டவில்லை. உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் பிழைப்பான் என்றார். ஊசியை எடுத்தார். வலது கையில் குத்தினார். நரம்பு அகப்படவில்லை. இடது கையில் குத்தினார். காலில் குத்தினார். சாமு கையை நீட்டிக்கொண்டு கிடந்தான். அந்த ஊசிக்கு அவன் ஓடவில்லை.

வெளியே மறுபடி மழை பிடித்தது. ஓட்டில் சடசடவென்று விழுந்தது. கம்பவுண்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரியும், தண்ணீர்தான் மருந்து என்று. கம்பவுண்டர் மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த பிள்ளைக்காவது கொடுக்கட்டும் என்று சொன்னார். அடுத்த பிள்ளை பிறக்கவில்லை.

மழை முடிந்ததும் லைன் கிணற்றுக்குச் சுவர் கட்டினார்கள். நல்ல சுவர். இரண்டே நாள் வேலை.

லைனில் போனவர்களைச் சொல்கிறேன். எங்கள் சாமுவேல். பக்கத்து வீட்டு மாரியப்பன். கிட்டங்கியில் எனக்கு எதிரே குந்தியிருந்த ராக்கு. அவள் தங்கை பேச்சி. கடைசி வீட்டில், இன்னும் பெயர் வைக்காத ஒரு குழந்தை. பெரிய தெருவில் ஒரு பிள்ளையும் போகவில்லை. அந்த மோர் வீட்டுப் பையன் நன்றாக வளர்ந்து பேரன் பேத்தி எடுத்தான். நன்றாக இருக்கட்டும்.

அம்மா அதன் பிறகு வெகுகாலம் இருந்தாள். எந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தாலும் செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். குடித்து முடிக்கிற வரைக்கும் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

போனது ஐந்து பேர். அம்மாவையும் சேர்த்தால் ஆறு.