எல்லாரும் எறங்கியாச்சு

— கையை எடு தினேசு. தொடாதேன்னா தொடாதே. நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்கு மூக்கை அறுத்து, பாதி ஏத்தத்துல நிறுத்தியாச்சு. இன்னும் என்னத்தை நோண்டற?

— மூக்கை யாருக்கா அறுத்தா? பெருசுதான் பண்ணுனேன். பழைய டப்பாவுல காத்து போறது, வாயைப் பொத்திட்டு மூச்சு விடற மாதிரி. இது ஓப்பன் ஃபில்டரு. நாலு பக்கமும் காத்து இழுக்கும். காத்து கூடப் போச்சுன்னா பவர் கூடும், டீசல் கொறையும். டெக்னிக்கலா கரெக்ட்.

— டெக்னிக்கலா வண்டி நிக்குது.

— அது தண்ணி பட்டுருச்சுக்கா.

— படாம என்ன பண்ணும்? கரடியூர் ரோட்ல காலையில மேகம் எறங்காத நாள் எது? பழைய டப்பாவுக்கு மூடி இருந்துச்சு. அதுக்கு ஒரு குழாய் இருந்துச்சு, முன்னாடி போய் குளுந்த காத்தை எடுத்தாந்து குடுத்துச்சு. நீ அத்தனையும் கழட்டிட்டு எஞ்சின் பக்கத்துலயே ஒரு காளானை நட்டு வெச்சிருக்கற. அது சூட்டுக் காத்தைக் குடிக்குது, எஸ்டேட் புழுதியைக் குடிக்குது, இன்னைக்குத் தண்ணியும் குடிச்சிருச்சு. நான் ஒரு கல்யாணத்துக்குத் தர்மபுரி போயிட்டு வர்றதுக்குள்ள!

— கழட்டுனதை வீசலக்கா. டப்பா ஊட்ல பத்திரமா இருக்குது.

— அப்ப சாயங்காலமே எடுத்தாந்து மாட்டு.

— இப்ப முடியாதுக்கா. அதுல கோழி அடை கெடக்குது.

— என்ன கெடக்குது?

— காவேரியோட கருப்புக் கோழி. நொம்ப நாளா எடம் தேடிட்டு அலைஞ்சுது. அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சா, போய் ஒக்காந்துக்கிச்சு. குஞ்சு பொரிச்சதும் எடுத்தரலாம்.

— என் வண்டியோட நெஞ்சுக்கூட்டுல உன் பொண்டாட்டி கோழி முட்டை மேல ஒக்காந்திருக்குது. இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?

— ஏ கனகா! அக்கா தம்பி சண்டையெல்லாம் ஊட்டுல வெச்சுக்குங்க. நான் சொல்றது என்னன்னா, டைம்னா டைம். நான் போய் ஆளுங்க பேரைக் கூப்பிட்டு எழுதுனாத்தான் எஸ்டேட்ல வேலை தொடங்கும். தெரியுமில்ல?

— தெரியுமுங்க ரைட்டர். ஃபில்டரைப் புழிஞ்சு தொடச்சுட்டு இருக்கறனுங்க. இதோ ஆயிருச்சு. நீங்க உள்ளயே ஒக்காருங்க, சாரல் அடிக்குது.

— உள்ளதான் இருக்கேன். இந்தக் கண்ணாடியை யாராவது ஏத்தி விடுங்க. சட்டையெல்லாம் நனையுது.

— தினேசு, ரைட்டர் பக்கம் கண்ணாடியை ஏத்தி விடு.

— அவரு கைக்கு என்ன கேடு?

— ஏத்துடான்னா!

— ஏத்தியாச்சு.

— இப்பச் சொல்லு. மைலேஜ் கூடிருச்சுன்னு ஒண்டிக்கடை முக்கு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சயாமே. எதை வெச்சுச் சொன்ன?

— டேங்க்கை ஃபுல் பண்ணிட்டு எடுத்துட்டுப் போனேன். போய்ச் சேந்ததும் மறுபடியும் ஃபுல் பண்ணிப் பாத்தேன். எப்பவும் குடிக்கறதுல பாதிகூடக் குடிக்கலக்கா. பங்க்கு பையனே ஆச்சரியப்பட்டான்.

— மொதல்ல எங்க ஊத்துன?

— ஏற்காட்டுல.

— மறுபடியும்?

— சேலத்துல.

— சேலத்துல.

— ஆமா. ஏன்க்கா?

— ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு வண்டி எப்படிடா போகும்?

— ரோட்டு மேலதான் போகும்.

— எறக்கத்துலடா! வளைவு அத்தனையும் எறக்கம்! பிரேக்கை மிதிச்சே கால் வீங்கிப் போகும். அந்த ரோட்ல ஒரு பாறாங்கல்லை உருட்டி விட்டாக்கூட அது நல்ல மைலேஜ்தான் குடுக்கும். மலையில பொறந்து வளந்தவனுக்கு இதுகூடவா தெரியாது? திரும்ப ஏறி வந்து ஊத்திப் பாத்தியா?

— அதுக்குள்ள சந்தோசம் வந்துருச்சுக்கா.

— பவரு? பவர் கூடிருச்சுன்னயே, அது எதுல தெரிஞ்சுது?

— இதே ஏத்தத்துல ஏத்திப் பாத்தேன். நிக்கவே இல்ல. சத்தத்தை நீ கேட்டிருக்கணும், புலி உறுமற மாதிரி.

— வண்டியில எத்தனை பேரு?

— நான்தான்.

— நீ ஒருத்தனா?

— ஜோஸ்வா வந்தான். ஆனா அவன் எறங்கி நின்னு வீடியோ எடுத்தான்.

— காலி வண்டி ஏறாம என்ன பண்ணும்? சத்தம் கூடுனா பவர் கூடுச்சுன்னு அர்த்தமா? அந்தக் கணக்குக்கு இந்த மலையிலயே பவரான ஆள் நான்தான். எத்தனை வருசமா கத்திட்டு இருக்கேன், எவன் கேட்டான்? ஏண்டா இப்படிப் பண்ணுன? ரேசுக்கா போறோம்? காப்பிப் பழம் பறிக்கற பொம்பளைங்களை ஏத்திட்டுப் போற வண்டிடா இது. இந்த ஏத்தம் வந்தா அடியில நிறுத்துவேன், எல்லாரும் எறங்குவாங்க, காலி வண்டியை உச்சிக்கு ஏத்திட்டு நிப்பேன், நடந்து வந்து ஏறிக்குவாங்க. வாங்குன நாள்ல இருந்து அதுதான் பழக்கம். எவளாவது ஒரு குறை சொல்லியிருக்காளா?

— போன வாரம் காவேரி மதகு மேல ஒக்காந்துட்டாக்கா.

— எந்த மதகு?

— அதோ, மேல தெரியுதே, அது. நடந்துட்டே இருந்தவளுக்குக் கண்ணு இருட்டிருச்சாம். ராசம்மாக்காவும் கீர்த்திகாவும் ரெண்டு பக்கமும் புடிச்சுட்டு மேல கூட்டியாந்தாங்க. நீ உச்சியில நின்னு ஹாரன் அடிச்சுட்டு இருந்த.

— ஏழாம் மாசக்காரிடா. எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா நீ அவளை வேலைக்கே வராதேம்பயாம். வளைகாப்பு வரைக்கும் போறேன்னு நிக்கறா. அதுவுமில்லாம, தம்பி பொண்டாட்டிக்கு மட்டும் சலுகை காட்டுனா மத்தவங்க சும்மா இருப்பாங்களான்னு நீதான கேட்ட? நியாயம்தான். அவ ஒருத்திக்குச் சலுகை வேண்டாம், எல்லாருமே ஒக்காந்துட்டு ஏறட்டும்னுதான் நான் பவர் ஏத்தப் பாத்தேன்.

— இன்னைக்கும் நடந்துதான் போறாளா?

— மஞ்ச ஸ்வெட்டரு. மேகத்துக்குள்ள பாரு.

— கூட யாரையும் காணோம்?

— எல்லாரும் வேகமா முன்ன போயிட்டாங்க. லேட்டானா அரை நாள் சம்பளம்தான போடுவாரு ரைட்டரு. போன வாரம்கூட வண்டி லேட்டுன்னு அத்தனை பேருக்கும் போட்டாரே.

— அவரும் இதே வண்டியிலதானடா வந்தாரு?

— அவரு வந்தா அது டைம்க்கா. மத்தவங்க வந்தா லேட்டு.

— கனகா! என்ன அங்க குசுகுசுன்னு? நான் சொல்றது என்னன்னா, இப்படியே போச்சுன்னா நாளையில இருந்து யுவராஜ் ஜீப்பை வெச்சுக்கறதுதான். மேனேஜர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொம்பளை வண்டி ஓட்டிப் பொழைக்கறயேன்னுதான் பாத்துட்டு இருக்கேன்.

— கோவிச்சுக்காதீங்க ரைட்டர். ஸ்டார்ட் பண்றனுங்க. நீங்க கண்ணாடியை மறுபடி ஏத்திக்குங்க. தினேசு, கல்லை எடுத்துட்டு பின் சக்கரத்துக்கிட்ட நில்லு. நான் சொன்னதும் வை.

— எடுத்துட்டேன். கெளப்புக்கா! அப்படித்தான், வுடு, வுடு, ஏறுது!

— ஏறல, வழுக்குது! வை! வை கல்லை!

— வெச்சுட்டேன், வெச்சுட்டேன்!

— இரு, பிரேக்கைப் போட்டுட்டு எறங்கி வர்றேன். பாத்தியா உன் புலியை? உறுமுது, ஏற மாட்டேங்குது. ஃபில்டர் இன்னும் ஈரம். அடங்கி அடங்கி இழுக்குது. ஒரு துளி லேசா இருந்தாப் போதும், ஏறிரும். ஸ்டெப்னியை எறக்கு.

— எறக்கிட்டேன்.

— டூல் பெட்டி?

— அதையும் எறக்கிட்டேன். ஜாக்கி, தண்ணிக் கேன், எல்லாம் கீழதான் கெடக்குது.

— அப்பறம் என்னதான் பாரம்? எல்லாரும் எறங்கியாச்சு, எல்லாத்தையும் எறக்கியாச்சு.

— எல்லாரும் எறங்கலக்கா.

— பொம்பளைங்க அத்தனை பேரும் மேல போயிட்டாங்கடா.

— நான் முன் சீட்டைச் சொல்றேன்.

— வாயை மூடு.

— அவரும், பின்னாடி அவரோட ரெண்டு மூட்டைக் கோழித் தீவனமும். ஏழாம் மாசக்காரி எறங்கணும். ராசம்மாக்கா முட்டி வலியோட எறங்கணும். கோழித் தீவனம் மட்டும் ஒக்காந்துட்டே மலை ஏறும்.

— மெதுவாப் பேசுடா. காதுல விழப்போவுது.

— விழட்டுமே. எங்கிட்ட எத்தனை கத்துன? ஏன் கழட்டுன, எங்க ஊத்துன, எத்தனை பேரு இருந்தீங்க, ஒண்ணு விடாமக் கேட்ட. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு.

— ட்ரிப்பு அவரு கையில இருக்குது. நாளைக்கு யுவராஜ் ஜீப்பு வந்து நின்னா இந்த வண்டியை வெச்சுட்டு நான் என்ன பண்ணுவேன், கோழியா வளப்பேன்? வண்டி வாங்குன நாள்ல இருந்து அந்த சீட்டு அவருது. ஒருநாளும் நான் கேட்டதில்ல.

— ஒருநாளும் கேட்டதில்லதான்.

— சும்மா இரு.

— அக்கா.

— சும்மா இருன்னேன்!

— காவேரி நின்னுட்டாக்கா. மதகுகிட்ட. அங்க பாரு, கையை ஊணிட்டு ஒக்கார்றா.

— தினேசு, கல்லு கெட்டியா இருக்குதா?

— இருக்குது.

— ஓடு அவகிட்ட. தண்ணிக் கேனை எடுத்துட்டுப் போ. போகறப்ப அந்த முன் கதவைத் திறந்து விட்டுட்டுப் போ.

— எந்தக் கதவுக்கா?

— ரைட்டர் கதவுதான்.

— ஏய், ஏய், என்னப்பா இது, கதவை ஏன் திறக்கற? சாரல் அடிக்குதுன்னு தெரியல? கனகா! கெளம்பியாச்சா இல்லையா?

— இன்னும் இல்லீங்க. ஏனுங்க ரைட்டர், எல்லாரும் எறங்கி நடக்கற ஏத்தமுங்க இது. நீங்களும் கொஞ்சம் எறங்குங்க.