வினாயகபுரத்துப் பொடியன்களைக் கொண்டுவந்தவர்

எனக்குப் பந்து விளையாட்டு விளங்காது, பிள்ளைகளே. பொடியன்கள் போட்டு விளையாடுகிற ஜேசி கழுவத்தான் தெரியும். புல்லுக் கறை பட்டால் தேசிக்காய் தேய்த்து வெயிலில் போட வேண்டும். வயல் சேறு பட்டால் அவசரப்படக் கூடாது. நன்றாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும். ஈரத்தோடு கசக்கினால் அந்தக் கறை ஒரு நாளும் போகாது.

என் மனிசன் சீனிமுகம்மது வெள்ளிப்பிறைக் கழகத்துக்கு மனேஜர். விளையாடி முடிந்தால் ஜேசியெல்லாம் எங்கள் கிணற்றடிக்குத்தான் வரும். கல்முனையில் எங்களுக்கு எதிர்க் கழகம் ஈகிள்ஸ். அதற்கு மனேஜர் பளீல். நல்ல மனிசன். அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை.

ஈகிள்ஸ் வென்றால் பளீலின் மூளை. தோற்றால் பொடியன்கள் அவரைக் கைவிட்டுவிட்டார்கள். எங்கள் பிறை வென்றால் பொடியன்களின் திறமை. தோற்றால் சீனிக்கு ஒன்றும் தெரியாது. முத்தலிப்பின் தேத்தண்ணிக் கடையில் இந்த விசாரணை தினமும் நடக்கும். அங்கே கேட்டதை இவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து எனக்குச் சொல்லுவார்.

“இண்டைக்கு முத்தலிப் என்ன சென்னான் தெரியுமா? ‘சீனி காக்கா, பளீல் மனேஜர் மைதானக் கோட்டுக்குப் பக்கத்தில கையக் கட்டிக்கொண்டு நிண்டா அது யோசின. நீங்க கையக் கட்டிக்கொண்டு நிண்டா உங்களுக்குக் குளிருது’ எண்டான்.”

“நீங்க என்ன சென்ன?”

“நான் என்னத்தச் செல்லுற? சிரிச்சிட்டு இன்னொரு தேத்தண்ணி கேட்ட.”

அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரும் பளீலும் ஒரே சைக்கிளில் மீன் வாங்கப் போவார்கள். எனக்கு அதுவும் பிடிக்காது. சைக்கிளை மிதிப்பது எப்போதும் இவர்தான்.

சுனாமிக்கு முன்னால் இது பந்தோடு நின்றது. கடற்கரை மணலில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி இரண்டு கழகத்துக்கும் மாறி மாறி வரும். அந்த ஞாயிறு ஈகிள்ஸின் முறை. ஆனால் பளீலின் மச்சினனுக்குச் சம்மாந்துறையில் கலியாணம். சஹன் சோற்றுத் தட்டங்களைத் தூக்க, பரிமாற ஆள் வேண்டும் என்று அவர் தன் பொடியன்கள் எல்லோரையும் விடிய அங்கே கூட்டிப்போனார். “சீனி, இந்தக் கிழம நீ எடு” என்று முறையை இவருக்குக் கொடுத்தார். இவர் சந்தோசமாக வாங்கிக்கொண்டார்.

கடல் வந்தபோது எங்கள் பிறை மணலில் நின்றது. நான்கு பிள்ளைகளை நாங்கள் பிறகு கண்டெடுத்தோம். இரண்டு பேரைக் கண்டெடுக்கவே இல்லை. இவரைத் தென்னை மரத்தில் இருந்து இறக்கினார்கள். கையில் ஒரு பிள்ளையின் ஜேசி மட்டும் இருந்தது. அதையும் நான்தான் கழுவினேன்.

அதற்குப் பிறகு ஊர் சொன்னது இதுதான்: பளீல் மனேஜர் தன் பிள்ளைகளைக் காத்தார், சீனி மனேஜர் கொண்டுபோய்க் கடலுக்குக் கொடுத்தார். பளீல் ஜும்மா முடிந்து எழும்பி நின்று எல்லோருக்கும் சொன்னார். “நான் ஒண்டும் அறிஞ்சிரிக்கல்ல. கலியாணத்துக்குப் போன, அவ்வளவுதான். அது எங்கட முற. மௌத்தாகி இருக்க வேண்டிய எங்கட புள்ளயள்.” அழுதார். பள்ளியை விட்டு வெளியே வந்தவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? பளீலுக்கு என்ன பணிவு, பாருங்கள் என்று பேசினார்கள்.

உண்மையைச் சொன்னாலும் அந்த மனிசனுக்குத்தான் ஒரு புள்ளி கூடியது. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு எங்கள் கழகத்துக்கு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. இவர் பஸ் ஏறித் திருக்கோவில் தாண்டி வினாயகபுரத்துக்குப் போனார். அங்கேயும் கடல் வாரிக்கொண்டு போன வீடுகள்தான். மணலில் சதீஸ், சுரேஸ் என்று இரண்டு தமிழ்ப் பொடியன்கள் வெறுங்காலோடு பந்து அடித்துக்கொண்டு நின்றார்களாம். சதீஸின் தாய் சுந்தரம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாளாம். “கொண்டு போறீங்க ஐயா, திருப்பிக் கொண்டந்து விடுவீங்களா?” இவர் ஒவ்வொரு கிழமையும் தானே போய்க் கூட்டி வந்தார், தானே கொண்டுபோய் விட்டார். என் கையால் சோறு போட்டேன். சதீஸுக்குப் பருப்பில் தேங்காய்ப்பால் கூட இருக்க வேண்டும்.

அந்த வருடம் பிறை கிண்ணத்தை வென்றது. இறுதி விளையாட்டில் ஈகிள்ஸுக்கு எதிராகச் சதீஸ் இரண்டு கோல் அடித்தான். தோற்றுப்போன பளீல் மைதானத்துக்குள் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து, தன் பூட்ஸைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். யாரோ படம் எடுத்தார்கள். முத்தலிப் அதைச் சட்டம் போட்டுக் கடையில் தொங்கவிட்டார். படத்தில் என் மனிசன் இல்லை. அவர் தண்ணீர்ப் போத்தல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் போகவில்லை, ஊர் முழுக்க ஒரே கதை. தமிழ்ப் பொடியன்களைத் தேடிக் கொண்டுவந்தவர் பளீல் மனேஜர். அவருக்கு மனசு அவ்வளவு பெரிசு. நான் கலியாண வீட்டில் ஒருத்தியைத் திருத்தினேன். “என்ன கா பாத்தும்மா லாத்தா, நாங்க படத்தில கண்ட தானே” என்றாள்.

யுத்தம் திரும்பவும் தொடங்கியது, காலம் கெட்டது. பொடியன்கள் வருவது நின்றது. சதீஸ் எங்கே போனான், யார் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பகல் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். யாருடைய ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் அதை யாரும் கேட்பதில்லை. நான் திரைக்கு உள்ளே நின்று கதைத்தேன். மரியாதையான பிள்ளைகள். தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள்.

“மனேஜர் இருக்காரா உம்மா?”

“இல்ல மகன்.”

“இஞ்ச ரெண்டு மனேஜர் எண்டு சொன்னாங்க. வினாயகபுரத்துப் பொடியனுகளக் கூட்டிக்கொண்டு வந்த ஆரு?”

“பளீல் மனேஜர்” என்றேன். “ஊருல ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க. முத்தலிப்பிர கடையில படமும் இரிக்கி.”

நான் பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஊர் சொன்னதைத்தான் சொன்னேன். அவர்கள் நன்றி சொல்லித் திரும்பினார்கள். அப்போது, கேட்காத ஒன்றையும் சொன்னேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பளீல் வாய்க்கால் ஓரத்தால் தனியாகத்தான் வருவார், ரோட்டில் தேட வேண்டாம் என்றேன். வெயிலில் அலைகிற பிள்ளைகள்.

பளீலின் சைக்கிள் வாய்க்காலுக்குள் கிடந்தது. அவர் கிடைக்கவில்லை. அவருடைய பெண்சாதி சுல்பிகா எல்லா முகாம் வாசலிலும் போய் நின்றாள்.

யுத்தம் முடிந்த வருடம் அவருடைய மகள் ஹிமாயா என்னிடம் வந்தாள்.

“மாமி, அவங்க முதல்ல இஞ்சதான் வந்தாங்களாம். மெய்யா?”

“ஓம் மகள்.”

“வாப்பாட பேரச் சென்னீங்களா?”

“சென்ன மகள். பயந்து பெய்த்தன். மாமாவக் கொண்டு பெய்த்திருவாங்க எண்டு.”

அவள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். “உம்மா எண்டாலும் அதத்தான் செஞ்சிரிப்பா மாமி. அழாதீங்க.” நான் அழவில்லை. ஆனாலும் அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். நல்ல வளர்ப்பு. அவர்கள் எந்த மாதம் வந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் வாசலுக்கு வந்த அன்று நான் இத்தாவில் இருந்தேன். மனிசன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் பெண் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பாள் அல்லவா, அதுதான். அதனால்தான் திரை. என் மனிசன் மாரடைப்பில் மௌத்தாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய பேரைச் சொல்லியிருந்தால் அவர்கள் மையவாடிக்குப் போய் அவருடைய கபுறில் நட்ட மீசான் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். எனக்கு அது தெரியும். திரைக்குள் நின்றபோதும் தெரியும். ஹிமாயாதான், இவர் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் வந்து கேட்டுப் போனதாக நினைத்துக்கொண்டாள்.

ஆனால் என் வீட்டில் மையித்துக் கிடந்த அன்று என்ன நடந்தது என்று நீங்கள் பார்க்கவில்லையே. பளீல் கபுறுக்குள் இறங்கித் தன் கையால் இவரைக் கிடத்தினார். வந்த பெண்கள் எனக்கு முன்னால் இருந்துகொண்டே, பளீலைப் போல ஒரு மனிசன் உண்டா என்றார்கள். தன்னுடைய சொந்த ஜனாஸாவிலும் என் மனிசன் இரண்டாவதாகத்தான் வந்தார்.

இப்போதும் அப்படித்தான். சுல்பிகாவுக்கு மையித்துக் கிடைக்கவில்லை, அதனால் அவள் இத்தா இருக்கவும் இல்லை. அவள் பொறுமைசாலியாம். இத்தாவை முழுதாக இருந்து முடித்த என்னைக் கல் நெஞ்சுக்காரி என்கிறார்கள். இந்த வருடம் பளீல் ஞாபகார்த்தக் கிண்ணம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். வினாயகபுரத்துப் பொடியன்களைக் கொண்டுவந்ததற்காக உயிரைக் கொடுத்த மனேஜர் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

கொண்டுவந்தது என் மனிசன், பிள்ளைகளே. இந்த ஊரில் ஒரு ஆளாவது அதைச் சொல்ல வேண்டாமா?