கறுப்புக்கு முழுசு, வெள்ளைக்குப் பாதி

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

டிசம்பர் பதினொன்றாம் தேதி மதியம் எங்கள் மீன்பிடிக் குழுவின் கரைக் குடிசையில் ஐந்து பேர் இருந்தோம். குழுத் தலைவர் ஒராஸ்கலி அடுப்புக்கு இடப்பக்கம், வழக்கம்போலக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்து வண்டியோட்டி சாக்கென். டீ கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில், வலை பழுது பார்ப்பவளும் எங்களுக்குச் சமைப்பவளுமான குல்ஜமால். கதவுக்கு நேர் எதிரே, தோர் என்று நாங்கள் சொல்லும் மரியாதைக்குரிய இடத்தில் இலியாஸ். ஒராஸ்கலியின் அக்கா மகன், நகரத்திலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கதவோரம் நான்.

கையெழுத்திடச் சொல்லி நீங்கள் எனக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த விவரம் இல்லை. அறிக்கை பிப்ரவரி பத்தொன்பதில் தொடங்குகிறது. அது தாமதமான தொடக்கம். மற்றபடி நன்றாக எழுதப்பட்ட அறிக்கை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

நீங்கள் ஸ்டெப்பிப் புல்வெளிப் பக்கத்துக்காரர் என்று கேள்வி. ஏரிக்காரர்களுக்குத் தெரிந்த சிலவற்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பல்காஷ் ஏரியில் உறையும் பனிக்கட்டி இரண்டு வகை. தண்ணீரே உறைந்தால் கறுப்பு. கண்ணாடிபோல அடிவரை தெரியும். மேலே விழுந்த பனி ஈரமாகி உறைந்தால் வெள்ளை. வெள்ளைக்குப் பார்வைக்குத்தான் தடிமன்; தாங்குவது பாதி. 'கறுப்புக்கு முழுசு, வெள்ளைக்குப் பாதி' என்பது எங்கள் கணக்கு. ஆள் நடக்கக் கறுப்பில் பத்து சென்டிமீட்டர் போதும். சுமை ஏற்றிய எங்கள் வண்டிக்கு முப்பது வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் குழுவுக்குப் பனி அளந்தவன் நான். துளை போடுவேன், அளவுகோலை இறக்குவேன், வெள்ளையில் பாதியைக் கழிப்பேன், ஓர் எண்ணைச் சொல்வேன். ஒரே ஒரு முறைதான் சொல்வேன். அளப்பவனிடம் இரண்டாம் முறை கேட்பது அவமதிப்பு. எங்கள் கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். அதேபோல, பருவத்தின் முதல் மீனின் தலை அளப்பவனுக்கு. ஏரியின் மேல் முதலில் கால் வைப்பவன் அவன்தானே. அந்த ஒரு நாள் அவனுக்குத் தோரில் இடம்.

டிசம்பர் பதினொன்று அந்த நாள்.

நான் பூட்சைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அந்த இடத்தில் இலியாஸ் இருந்தான். அவன் முன்னால் கெண்டைத் தலை. பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி. பனிக்குள் ஒலியை அனுப்பித் தடிமன் சொல்லுமாம்.

"செகே, நீங்க கதவோரமா உக்காருங்க," என்றார் ஒராஸ்கலி. செய்ல்கான் என்ற என் பெயரை மரியாதையாகச் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவார்கள். "குளிரு உங்களுக்குப் பழக்கந்தானே."

சாக்கென் சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பவன்.

"மாமா, அது அவரு எடம்," என்றாள் குல்ஜமால்.

"எடமா? இவரு கழிச்ச கழிவுல போன வருஷம் பதினோரு நாள் கரையில உக்காந்து சீட்டாடினோம். பக்கத்துக் குழுக்காரன் அத்தன நாளும் மீன அள்ளிட்டுப் போனான். ஒருத்தனாவது முங்கினானா? இல்ல. எடத்தப் பத்திப் பேச வந்துட்டா," என்றார் ஒராஸ்கலி.

இலியாஸ் தலையை இரண்டாகப் பிளந்தான். "பெரியவரே, கண்ணு வேணுமா? அளக்கறவருக்குக் கண்ணு வேணுமே," என்று விரல் நுனியில் நீட்டினான்.

வேண்டாம் என்றேன்.

பிறகு ஒராஸ்கலி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இனிமே உங்க பாதிக் கணக்கு, கால் கணக்கெல்லாம் வேணாம் செகே. பெட்டி பாத்துக்கும். பெட்டி இல்லாத அன்னிக்கு, கோல் என்ன காட்டுதோ அத மட்டும் சொல்லுங்க. கோலு பேசட்டும், நீங்க பேச வேணாம்."

சரி என்றேன். டீ குடித்தேன். குல்ஜமால் எனக்கு மட்டும் பாலாடை போட்டுக் கொடுத்தாள். அதையும் குறிப்பிட வேண்டியது நியாயம்.

இரண்டு மாதம் பெட்டி அளந்தது. நான் துளை மட்டும் போட்டேன். அந்த நாட்களில் வெள்ளை குறைவு. பெட்டி சொன்னதும் நான் மனத்துக்குள் கழித்து வைத்திருந்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பிப்ரவரி முதல் வாரத்தில் கனத்த பனி விழுந்தது. அதன் பாரத்தில் ஏரி அமிழ்ந்து, வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, பனியை நனைத்து உறைந்தது. விரிகுடா முழுவதும் பால் நிறம். பதினேழாம் தேதி குளிரில் பெட்டியின் பாட்டரி செத்தது.

பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு மூன்று இடங்களில் துளை போட்டேன். மூன்றிலும் முப்பத்தாறு. மேலே இருபத்துநான்கு வெள்ளை, அடியில் பன்னிரண்டு கறுப்பு. எங்கள் கணக்கில் இருபத்துநான்கு.

வண்டி கரையில் உறுமிக்கொண்டிருந்தது. ரொட்டித் துண்டுபோல இருப்பதால் ரொட்டி என்று நாங்கள் அழைக்கும் சாம்பல் நிற வேன். ஒராஸ்கலி கண்ணாடியை இறக்கினார்.

"எவ்ளோ செகே?"

"முப்பத்தாறு."

யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் கழித்த பிறகுதான் சொல்லுவேன். காதுக்கு அதுதான் பழக்கம். டிசம்பரில் இட்ட உத்தரவை இட்டவரே மறந்திருந்தார். எனக்கு நினைவிருந்தது. கோல் காட்டியதைச் சொன்னேன்.

"முப்பத்தாறா! அப்ப கதவச் சாத்துங்கடா, குளிரு கொல்லுது," என்றார்.

இங்கே இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பனியின் மேல் வண்டி கதவு திறந்தபடியேதான் ஓடும், எவ்வளவு குளிராக இருந்தாலும். வண்டி அமிழ்ந்தால் கதவை வெளியே தள்ளத் தண்ணீர் விடாது. அளப்பவன் சொல்லும் எண் முப்பத்தைந்தைத் தாண்டினால் மட்டும் சாத்திக்கொள்ளலாம். முப்பத்துநான்கு என்றிருந்தால் சாத்தியிருக்கமாட்டார்கள். ஆனால் கோல் முப்பத்துநான்கு காட்டவில்லை.

சாக்கென் புகைப்பவன். அதனால் அவன் பக்கத்துக் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது.

பனியில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் ஊரும்; நான் எப்போதும் அதன் பின்னால் நடந்தே போவேன், கையில் உளியும் கோலும், இடுப்பில் இருபது மீட்டர் கயிறும். அன்று பின் கதவைச் சாத்தும் முன் குல்ஜமால் எட்டிப் பார்த்தாள்.

"செகே, கயிறு எங்க? இடுப்பு வெறுமையா இருக்கு?"

"கனமா இருக்கு மகளே. முட்டி வலிக்குது."

"ரெண்டு கிலோ கயிறு கனமா? நாளைக்குத் தலையும் கனம்னு கழட்டி ஆணியில மாட்டிட்டு வருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போகும்போது வண்டியில் மீன் இல்லை, வலையும் ஏரிக்குள்ளேயே இருந்தது. பனிக்கட்டி முனகியது, தாங்கியது. தாங்கும் என்று எனக்குத் தெரியும். திரும்பும்போதுள்ள எடையை உங்கள் அறிக்கை 'அளவுக்கு மீறிய சுமை' என்று மட்டும் சொல்கிறது. சரியான விவரம் இது. வண்டி ஆயிரத்து எண்ணூற்றைம்பது. எரிபொருள் ஐம்பத்தைந்து. துளை போடும் எந்திரம் பன்னிரண்டு, உளிகள் பதினைந்து, கூடாரமும் தகர அடுப்பும் முப்பத்தெட்டு. வலை காய்ந்திருந்தால் அறுபதுதான். நனைந்து உறைந்தால் நூற்றுத்தொண்ணூறு. வெளியூர்க்காரர்கள் தவறுவது எப்போதும் வலையில்தான். மீன் அறுநூற்றிருபது. ஒராஸ்கலி நூற்றுநான்கு, இலியாஸ் எண்பத்திரண்டு, சாக்கென் எழுபத்தொன்று. ஆக மூவாயிரத்து முப்பத்தேழு கிலோ.

குல்ஜமாலின் ஐம்பத்தெட்டைச் சேர்த்தால் மூவாயிரத்துத் தொண்ணூற்றைந்து. காலையிலேயே சேர்த்திருந்தேன். அவள் இல்லாவிட்டாலும் விடை மாறியிருக்காது.

மாலை மூன்றே முக்காலுக்கு, நாணல் முனைக்கு எதிரே, வண்டியின் முன்பக்கம் முதலில் இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. நான் இருநூறு அடி பின்னால் இருந்தேன். சாக்கென் ஒருக்களித்த கதவு வழியாக வெளியே விழுந்து, இடுப்பிலிருந்த கத்தியைப் பனியில் குத்தி ஊர்ந்து வந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த ஒராஸ்கலியும் நடுவிலிருந்த இலியாஸும் கண்ணாடிக்குள் தெரிந்தார்கள், பிறகு தெரியவில்லை. பின் கதவின் தாழ் எப்படியோ விட்டது. குல்ஜமால் மட்டும் மேலே வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"செகே," என்று ஒரு முறை கூப்பிட்டாள்.

இரண்டாம் முறை கூப்பிடவில்லை. எங்கள் கரையில் அது வழக்கமில்லை.

நான் நெருங்கி வந்திருந்தேன்; அவளுக்கும் எனக்கும் இடையே அப்போது பதினைந்து மீட்டர். கயிறு இருபது மீட்டர். அது குடிசையில் ஆணியில் இருந்தது. முந்தைய நாளே மாட்டியிருந்தேன். அவளைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. காலையில் அவள் கயிற்றைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாகப் பனியில் வெள்ளை எவ்வளவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்போது பிழைக்கு வருகிறேன். மூன்றாம் பக்கம், ஆறாம் பத்தி: 'தாங்குதிறனை வைத்துப் பார்த்தால் தடிமன் இருபத்துநான்கு சென்டிமீட்டருக்கு மேல் இருந்திருக்க முடியாது. முதுமையாலும் பார்வைக் குறைவாலும் அளப்பவர் கோலைத் தவறாக வாசித்து முப்பத்தாறு என்று கூறியிருக்கலாம்.' இதை நான் ஏற்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது வயது. ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவையில்லை. கோல் முப்பத்தாறுதான் காட்டியது. இருபத்துநான்கு என்பது பாதி கழித்த கணக்கு. அதைக் குதிரை லாயத்தில் பிறந்த உங்கள் பொறியாளர் காகிதத்தில் கண்டுபிடிப்பதற்கு முன்பே, காலை எட்டு மணிக்குக் குளிரில் நின்று நான் கண்டுபிடித்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு முறையும் நான் தவறாக அளந்ததில்லை. அன்றும் தவறாக அளக்கவில்லை. தாங்காது என்று தெரிந்தே சொன்னேன். அதைப் பிழை என்று எழுதுவது அநியாயம்.

நான்காம் பக்கத்தில் சாக்கெனைப் பற்றியுள்ளதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியதும் சுமை ஏற்றியதும் அவன் குற்றம் என்று ஒரு மாதமாக உங்கள் காவலில் இருக்கிறான். அவன் மனைவி தினமும் என் வாசலுக்கு வருகிறாள். "செகே, நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க. என்ன சொன்னாலும் நம்புவாங்க, நீங்க அளக்கறவரு," என்கிறாள். நேற்றும் வந்தாள். விசாரணை திங்கட்கிழமையாம். அந்த ஒரு வார்த்தை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. முப்பத்தாறு என்று கேட்டால் கதவைச் சாத்துவது வழக்கம். அவன் வழக்கப்படி நடந்தான். சிரித்தான் என்பதற்காக யாரையும் தண்டிக்கும் ஆள் நானில்லை.

அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை. தாள் நான்கு, அறிக்கையோடு உறை நாற்பத்தாறு கிராம். வலை நூல் நிறுக்கும் தராசில் நிறுத்துத் தபால்தலை ஒட்டியாயிற்று. உறையின் வாய்க்குப் பசை தடவி வைத்திருக்கிறேன்.

தபால் ஜீப் ஒன்பதரைக்கு என் வீட்டைத் தாண்டும். கரையைச் சுற்றினால் நாற்பது கிலோமீட்டர் என்று, அதை ஓட்டும் பையன் விரிகுடாவைக் குறுக்கே கடந்துதான் ரயில் நிலையம் போகிறான். அந்த விபத்துக்குப் பிறகு மிகவும் மரியாதையாகிவிட்டான். தினமும் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டு, "எவ்ளோ செகே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏரியில் வண்டியை இறக்குகிறான். அவன் ஜீப்புக்குக் கறுப்பில் இருபத்துநான்கு வேண்டும். இன்று காலை அளந்தேன். இருபத்தொன்பது, அதில் இருபது வெள்ளை. எங்கள் கணக்கில் பத்தொன்பது.

வண்டிச் சத்தம் கேட்கிறது. உறையை ஒட்டி அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் எப்போதும் எண்ணை மட்டும்தான் கேட்பான். நான் பொய் சொன்னதில்லை. இன்றும் கோல் காட்டியதைச் சொல்வேன்.

இப்படிக்கு,
செய்ல்கான்,
பனி அளப்பவன்