நூறு மணி நேர மழை

காதில் மாட்டுகிற சாமானைப் பெட்டியைப் பார்த்து வாங்கவே கூடாது, சார். பெட்டியில் எழுதுகிறவன் அதைச் செய்தவன் இல்லை, விற்கிறவன். உங்கள் மேஜைமேல் சுருண்டு கிடக்கிறதே அந்த வெள்ளை இயர்போன், அதை நீங்கள் பெட்டி பார்த்துத்தான் வாங்கியிருப்பீர்கள். குறை சொல்லவில்லை. அதில் யார் பாடினாலும் சளி பிடித்தவர் பாடுவது மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் தெரியும். பதினோரு வருஷம் மணிலாவுக்குத் தெற்கே கலாம்பாவில் ஒரு இயர்போன் தொழிற்சாலையில் காதுதான் என் வேலை. வரிசையில் வருவதை மாட்டிக் கேட்பேன், பழுதானதைச் சிவப்புத் தட்டில் போடுவேன். ஒரு நாளைக்கு எழுநூறு ஜோடி. மேற்பார்வையாளர் என்னைத் தங்கக் காது என்றுதான் கூப்பிடுவார். அப்புறம் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காது என்னோடு வந்துவிட்டது.

மரிக்கினா ஆற்றங்கரைச் சந்துக்குக் குடிவந்து, முகநூலில் ‘லூடியின் காது’ என்று ஒரு பக்கம் தொடங்கினேன். ஹெட்போன், ஸ்பீக்கர், போன் எது வந்தாலும் கேட்டுப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுவேன். நாலாயிரம் பேர் படித்தார்கள். சாமான் செய்கிறவர்கள் தாங்களாகவே அனுப்பிவைத்தார்கள்.

சந்துக்கும் என் காதுதான் வாசல். கடைக்காரி புரிங் ஒரு டிவி வாங்கி ஒன்றரை வருஷமாகிறது, திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக்கை இன்னும் உரிக்கவில்லை. செய்தி வாசிக்கிறவர்கள் முகமெல்லாம் கஞ்சி வழிகிறது. கார்டிங் அண்ணன் சவாரி ஓட்டும் மோட்டார் டிரைசைக்கிளில் கட்டியிருக்கும் ஸ்பீக்கர் அவர் மனைவியைவிடப் பெரியது. ஆனால் அந்த அம்மாள் அளவுக்குச் சத்தம் வராது. கரோக்கே மெஷின் மாதிரிப் பொய்சொல்லி உலகத்திலேயே கிடையாது, நாய் ஊளையிட்டாலும் தொண்ணூற்றெட்டு மார்க் போடும். இவையெல்லாம் என் கருத்துகள். நான் ஒளித்துவைத்ததில்லை. சந்தில் எது நடந்தாலும் முதலில் என் காதுக்கு வரும், அடுத்த நிமிஷம் என் வாய்க்கு. எனக்குத் தெரிந்து ஊருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அந்த வியாழக்கிழமைக்கு முன்னால்.

ரோடெலைப் பற்றிக் கேட்டீர்கள். என் வீட்டுக்கு எதிரே கீழறையில் தனியாக இருந்தான். இருபத்தெட்டு வயது. அக்கா ஒருத்தி, மரிவிக், குவைத்தில் வீட்டு வேலை. இவன் இரவெல்லாம் கால்சென்டரில் அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்குவான். காலை ஏழு மணிக்கு வருவான். ஒரு மணி நேரம் போனில் சண்டை விளையாட்டு. “கோபுரத்தை அடிடா, கோபுரத்தை அடி” என்று யாரோ முகம் தெரியாதவனிடம் கத்துவான். பிறகு சாயங்காலம் வரை தூக்கம்.

போனில் ஆடுவதை நான் விளையாட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. கட்டைவிரலுக்கு வந்த காய்ச்சல் என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

“அக்கா, இருபதாயிரம் பெசோ குடுத்து ஒயரைக் காதுல சொருகிக்கிறது நீங்க. ஓசில ஆடறது நானு. யாருக்குக் காய்ச்சல்?” என்பான்.

கெட்ட பையன் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், அதை நானே சொல்கிறேன்.

மே மாதம் அவன் பிறந்தநாள். சந்தில் தார்ப்பாய் கட்டி, பான்சிட் நூடுல்ஸ் கிளறி, எல்லாரையும் கூப்பிட்டான். ஐஸில் பீர் இருந்தது. பேச்சோடு பேச்சாக, முந்நூறு பெசோ இயர்போனும் இருபதாயிரம் பெசோ இயர்போனும் ஒன்றுதான் என்றான். நான் சிரித்தேன்.

“அப்போ கண்ணைக் கட்டிக்கிட்டு சொல்லுங்க பாப்போம். பத்துத் தடவை. தங்கக் காதுதானே, பயமா?”

கண்ணைக் கட்டினார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினான். அதே பாட்டு. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். இது மலிவு, தாளம் பெட்டிக்குள் அடிபட்ட மாதிரி இருக்கிறது. இது உயர்ந்தது, குரலுக்கும் கிதாருக்கும் நடுவே ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவு இடம். பத்துத் தடவையும் சொன்னேன். முடிந்ததும் கட்டை அவிழ்த்தேன். புரிங் கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார்டிங் அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர்.

இருபதாயிரம் பெசோ இயர்போன் முதலிலிருந்தே அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. பத்துத் தடவையும் என் காதில் மாட்டியது அந்த முந்நூறு பெசோ சாமான்தான்.

யாரோ படம் பிடித்திருந்தார்கள். ரோடெல் அதைத் தன் பக்கத்தில் போட்டான். நாலாயிரம் பேர் படித்த பெண்ணை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ‘ஒரு ஆள் நடந்து போகலாம்’ என்று நான் சொல்கிற இடத்தை மட்டும் வெட்டி, நடுவில் ஒரு கோழியை நடக்கவிட்டிருந்தான் ஒருவன். சந்தில் எனக்குத் தகரக் காது என்று பெயர் மாறியது. புரிங் கடையில் சில்லறை கொடுத்தால், “லூடி, இது நல்ல காசான்னு தட்டிக் கேட்டுச் சொல்லேன்” என்பாள். ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஊர்ச் செய்தியாக இருப்பது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவனே அதை எடுத்துவிட்டான். ஒரு தட்டுப் பான்சிட்டோடு வந்து நின்றான்.

“சும்மா தமாஷுக்குப் பண்ணினேங்கா. இவ்ளோ தூரம் போகும்னு நினைக்கல. கோவமா?”

“எனக்கென்னடா கோவம்? உள்ள வா, தின்னுட்டுப் போ.”

எனக்குக் கோபம் இல்லை, சார். இன்றைக்கும் இல்லை. ஆனால் ஒரு கருத்துக்கு எதிராகச் சோதனை நடந்துவிட்டால் இன்னொரு சோதனைதான் அதற்குப் பதில். இது எங்கள் தொழில் தர்மம். நல்ல சாமான் நல்ல சாமான்தான் என்று அவன் காதிலேயே நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் அவன் வந்தான். கார்டிங் அண்ணனின் ஸ்பீக்கரால் பகலில் தூக்கம் வரவில்லையாம்.

“தூங்கறதுக்கு ஏதாவது நல்ல சாமான் சொல்லுங்கக்கா. உங்களைவிட்டா யார்கிட்ட கேப்பேன்?”

எனக்கு விமர்சனத்துக்கு ஒன்று வந்திருந்தது. சின்னது, படுக்கும்போது குத்தாது, வெளிச் சத்தத்தைத் தின்றுவிடும். ஐந்து அளவில் ஸ்பாஞ்சு முனை. அவன் காதை நானே பார்த்து, இடது காதுக்குக் கொஞ்சம் பெரியதாக, பொருத்தி எடுத்தேன். உடனே கொடுக்கவில்லை. புதுச் சாமானை நூறு மணி நேரம் ஓடவிட்டுப் பழக்கித்தான் கேட்க வேண்டும். எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நூறு மணி நேரமும் மழைச் சத்தத்தை ஓடவிட்டேன். தூங்குகிறவர்களுக்கென்று மழையைப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறார்களே, அது.

ஏன் மழை என்று போன தடவையும் கேட்டீர்கள். விளக்குகிறேன். இரைச்சலைத் தின்னும் கருவி ஆழமான சத்தத்தைத்தான் நன்றாகத் தின்னும். விசிறி, டிரைசைக்கிள், இடி. கூர்மையான சத்தம் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். வெள்ளம் ஏறினால் ஊதுகிற ஆற்றுச் சைரன் கூர்மையானது. அதற்கு மேலே ஏதாவது போர்த்த வேண்டும். ஜூலையில் ஒத்திகைக்கு ஊதிய சைரனைப் போனில் பதிந்து வைத்திருந்தேன். பதினான்கு விதமான மழையை அதன்மேல் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது மழை சரியாக இருந்தது. அதைத்தான் அவனுக்கு ஏற்றிக் கொடுத்தேன்.

புயலை நான் கொண்டுவரவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஆறு ஏறும் என்று சொல்ல வானிலைக்காரர் வேண்டாம்.

வாங்கிக்கொள்ளும்போது அவன் சொன்னது இது: “நல்லாத் தூங்கிட்டேன்னா, சைரன் ஊதினா கதவைத் தட்டுங்கக்கா. சந்துல உங்க காதைத் தாண்டி எதுவும் போகாது.”

தகரக் காது என்று பெயர் வந்த பிறகு, அப்படிச் சொன்னது அவன் ஒருத்தன்தான்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்கு முதல் சைரன். மூட்டை கட்டு என்று அர்த்தம். குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு அவன் ஜன்னலுக்குப் போனேன். மல்லாந்து படுத்திருந்தான். ‘முதல் சைரன், அசைவில்லை’ என்று எழுதினேன். இரண்டே முக்காலுக்கு இரண்டாவது; கிளம்பு என்று அர்த்தம். காலை மடக்கினான். அது சைரனுக்கு இல்லை, கொசுவுக்கு. அதையும் எழுதியிருக்கிறேன், நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. மூன்றாவது ஊதும்போது தண்ணீர் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவன் கதவு இரும்பு, வெளிப்பக்கம் திறப்பது. ஜன்னலுக்குக் கம்பி. வெளியே தண்ணீர் நின்றால் அந்தக் கதவைத் தள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

அவன் முகம் நன்றாக இருந்தது. அப்படி ஒரு தூக்கத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. விமர்சனத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுத நினைத்தேன்.

கார்டிங் அண்ணன் கோழிக்கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். “லூடி, ரோடெல் எழுந்துட்டானா?”

தலையை ஆட்டினேன். ஆமென்று ஆட்டினேனா, இல்லையென்று ஆட்டினேனா என்று அவர் கேட்கவில்லை. லூடி சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விட்டார். சிரிப்பதற்குத் தகரக் காது, செய்திக்கு மட்டும் லூடி.

மரிவிக் குவைத்திலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். ‘அக்கா, தம்பி போன் எடுக்கல. உங்ககூட இருக்கானா?’ நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன். அது பொய் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது ஒரு படம், சார். அவள் அதைப் பார்த்து மீட்புப் படைக்குப் போன் செய்யாமல் இருந்தது அவள் முடிவு.

சாலை முழுகிவிட்டதால் எங்களை ஏற்றிப்போக வேண்டிய லாரி வரவில்லை. புரிங்கின் மூன்றாவது மாடிக்கு ஏறினோம். பதினாறு பேர். தலைக்கு மேலே தகரக் கூரை, அதன்மேல் மழை. புரிங் ஜெனரேட்டரை வேறு ஓட்டிக்கொண்டிருந்தாள். டிவியையும் மேலே தூக்கி வந்திருந்தாள், பிளாஸ்டிக் உரிக்காமல்.

நான்கு மணி சுமாருக்கு அது கேட்டது.

ஜன்னலின் இரும்புக் கம்பியில் கரண்டி. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மூன்று தட்டு. கரண்டி எவர்சில்வர். காம்பு தளர்ந்தது, ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு அதிர்வு இருந்தது. பிறகு குரல். அவன் மரிவிக்கைக் கூப்பிடவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. “லூடி அக்கா” என்றான். சத்தமாகக்கூட இல்லை. எனக்குக் கேட்கும் என்று நம்பிக் கூப்பிடுகிற மாதிரி.

புரிங் எல்லார் தலையையும் எண்ணிக்கொண்டிருந்தாள். “எல்லாரும் வந்தாச்சா? யாராவது மாட்டிக்கிட்டாங்களா? லூடி, உன் காதுல ஏதாவது விழுதா?”

“போயும் போயும் தகரக் காதுகிட்ட கேக்கறியே” என்றார் கார்டிங் அண்ணன். பயத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

“மழைதான்” என்றேன்.

கார்டிங் அண்ணனிடம் கயிறு இருந்தது. இரும்புப் பாரையும் இருந்தது. அந்தச் சந்தில் நீந்தத் தெரிந்தவர்கள் ஐந்து பேர் அந்த மாடியிலேயே இருந்தார்கள். கரண்டி இருபத்திரண்டு நிமிஷம் அடித்தது. கடைசியில் இரண்டுதான், மூன்றாவது வரவில்லை. நான் இன்னும் அந்த மூன்றாவதுக்குக் காத்திருக்கிறேன்.

உடலை எடுத்தபோது இடது காதில் அந்த இயர்போன் அப்படியே இருந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இருக்கும். நான் அளவெடுத்துப் பொருத்தியது.

அதற்குப் பிறகு எந்த ஹெட்போனை மாட்டினாலும் பாட்டுக்குப் பின்னால் கரண்டி இருக்கிறது. மூன்று, மூன்று, இரண்டு. நாலு கம்பெனிச் சாமானைப் பழுது என்று திருப்பி அனுப்பினேன். சாமானில் பழுதில்லை என்று பதில் வந்தது. எதையும் மாட்டாமல் உட்கார்ந்தால் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஒன்பதாவது மழையைப் போட்டுப் பார்த்தேன். சைரனையே மூடிய மழை, கரண்டியை மூடவில்லை. நீங்கள் தேடி வருவதற்கு முன்னால் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷன் படியேறி வந்ததற்குக் காரணம் அதுதான். இங்கே பேச்சுச் சத்தம் இருக்கிறது, கொஞ்சம் பரவாயில்லை.

எழுதிவிட்டீர்களா? எழுப்பாமல் விட்டது நான். கேட்டும் சொல்லாமல் இருந்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் நான் சொன்னபடியே இருக்க வேண்டும், மரிவிக்கும் புரிங்கும் அந்த இரண்டு லட்சம் பேரும் படிக்கட்டும். அந்த மழையில், அந்த ஜெனரேட்டர் சத்தத்தில், பதினாறு பேரில் அது கேட்டது எனக்கு மட்டும்தான். கரண்டியின் காம்பு தளர்ந்தது வரைக்கும் கேட்டது.

தகரக் காதுக்கு அது கேட்டிருக்குமா, சார்?